நோபல் வாங்கிய கேன்டீன்

ஒரு ரகசியம் சொல்கிறேன். விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளை நான் அறிவியலுக்காகப் படிப்பதில்லை; சாப்பாட்டுக்காகப் படிக்கிறேன். எத்தனை மணிக்கு லேபுக்கு வந்தார், நடுவில் என்ன தின்றார், யாரோடு உட்கார்ந்து தின்றார், எப்போது கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார் என்றெல்லாம் வரும் பக்கங்களின் முனையை மடித்துவைப்பேன். சமன்பாடு வரும் பக்கங்களை மரியாதையோடு தாண்டிவிடுவேன். நானே பிஎச்.டி. முடித்தவள் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, சினிமாப் பைத்தியங்களுக்கு மேக்கப் அறை எப்படியோ எனக்கு ஆய்வுக்கூடத்துச் சாப்பாட்டு மேசை அப்படி.

முனை மடிந்த பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கட்டடத்தில் போய் நிற்கின்றன. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், ஹில்ஸ் ரோட்டில் ஆஸ்பத்திரி வளாகத்தை ஒட்டி 1962இல் திறந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம். உள்ளே இருப்பவர்கள் எல்எம்பி என்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் போன நோபல் பரிசுகள் பத்துக்கும் மேலே. அது திறந்த அதே 1962ஆம் வருடம் மட்டும் மாக்ஸ் பெருட்ஸ், ஜான் கென்ட்ரூ, பிரான்சிஸ் கிரிக் என்று அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மூன்று பேருக்கும், அங்கிருந்து கிளம்பிப் போயிருந்த ஜேம்ஸ் வாட்சனுக்கும் பரிசு. 'நோபல் தொழிற்சாலை' என்று பத்திரிகைகள் எழுதும். தொழிற்சாலை என்கிறார்களே, சங்கு ஊதும், ஷிஃப்ட் மாறும், விடிய விடிய விளக்கெரியும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தால், ஐயோ, இவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அதுவும் ஒரு வேளை இல்லை. காலையில் காபி. மதியம் சாப்பாடு. சாயங்காலம் டீ. மூன்று வேளையும் கேன்டீனில் கூட்டம். மேசைக்கு மேசை தனிச் சாதியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் இல்லை. இடம் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். சேர்ந்து ஒரு வாரமான மாணவன் தட்டோடு போய் உட்கார்ந்தால், எதிரே உருளைக்கிழங்கை மென்றுகொண்டிருப்பவர் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும் ஆசாமியாக இருப்பார். "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். பையனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. ஆனால் மறுவாரம் அவனும் வாயைத் திறந்திருப்பான்.

இது தானாக அமைந்ததில்லை. பெருட்ஸ் வேண்டும் என்றே செய்தது. கட்டடத்தைத் திட்டமிடும்போதே கேன்டீன் இருந்தாக வேண்டும் என்று நின்றார். அதை இருபது வருடத்துக்கும் மேலாக நடத்தியவர் அவர் மனைவி கிசெலா. சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, சாப்பிட்ட பிறகும் எழுந்துபோகத் தோன்றக்கூடாது என்பது அவர் கணக்கு. பெருட்ஸ் இயக்குநர் என்ற பட்டத்தை வைத்துக்கொள்ளவில்லை. நிர்வாகக் குழுத் தலைவர் என்று மட்டும் போட்டுக்கொண்டார். அந்தக் குழு கூடிப் பேசியதே அபூர்வம். பொருளும் கருவியும் பொது. பக்கத்து அறைக்காரரின் சென்ட்ரிஃப்யூஜைக் கடன் கேட்க யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். தலைவரோ பாதி நேரம் பெஞ்சில் நின்று தன் சோதனையைத் தானே செய்துகொண்டிருப்பார்.

கேன்டீன் வருவதற்கு முன்னால் இவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேம்பிரிட்ஜின் நடுவில் ஈகிள் என்று ஒரு மதுக்கடை. கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திலிருந்து நாலு எட்டு. கிரிக்கும் வாட்சனும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் இடம். 1953 பிப்ரவரி 28ஆம் தேதி கிரிக் அங்கே போய், உயிரின் ரகசியத்தைப் பிடித்துவிட்டோம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்ததாக வாட்சன் எழுதினார். அப்படிச் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றார் கிரிக். எது உண்மையோ, டிஎன்ஏ வடிவம் முதலில் வெளியே வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்பது எனக்குப் போதும்.

பெருட்ஸ் ஆளே தனி ரகம். வியன்னாவில் பிறந்து 1936இல் கேம்பிரிட்ஜ் வந்தவர். 1937இல் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தார், ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் அதே புரதம். அதன் வடிவத்தைக் கண்ணால் பார்த்தது 1959இல். இருபத்திரண்டு வருடம்! நம் ஊரில் ஒருவர் இருபத்திரண்டு வருடம் ஒரே புரதத்தை வைத்துக்கொண்டிருந்தால் என்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். சம்பந்தி வீட்டில் கேட்பார்கள், "மாப்பிள்ளை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாரா?"

அந்த இருபத்திரண்டு வருடமும் அவர் குனிந்த தலை நிமிராமல் இருந்தாரா என்றால், இல்லவே இல்லை. 1938இல் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோஹ் மலையில் போய் பனிப்பாறை எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மலையேற்றமும் பனிச்சறுக்கும் அவருக்குப் பித்து. போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரர் என்று 1940இல் அவரைப் பிடித்துக் கனடா முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு அதே அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு, பனிக்கட்டியில் விமானம் தாங்கிக் கப்பல் கட்ட உதவு என்றது. விளையாட்டு இல்லை, நிஜம். மரக்கூழைக் கலந்து உறையவைத்தால் பனிக்கட்டி கல்லாகிவிடும். லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் அடியில், குளிரூட்டிய நிலவறையில், உரித்துத் தொங்கும் மாடுகளுக்குப் பின்னால் ரகசியமாக நடந்தது அந்த ஆராய்ச்சி. கப்பலைக் கட்டவே இல்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். பனிமலையில் அலைந்த பொழுதுபோக்கு ஒருவரை இறைச்சிக்கடை அடித்தளம் வரை கூட்டிப்போகும் என்று எந்தக் கைடு சொல்லித் தந்திருப்பார்?

இப்போது எனக்கு மிகப் பிடித்த பக்கம். முனை மடிந்து மடிந்து கிழிந்தே போய்விட்ட பக்கம்.

1960, ஏப்ரல் 15. புனித வெள்ளி. விடுமுறை நாள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில், கிரிக்கின் சகா சிட்னி பிரென்னரின் அறையில் சிலர் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். பாரிஸிலிருந்து வந்த பிரான்சுவா ஜேக்கப் தங்கள் ஊர்ச் சோதனை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிரிக்கும் பிரென்னரும் ஒரே சமயத்தில் துள்ளி எழுந்து ஒருவரை ஒருவர் இடைமறித்துக் கத்த ஆரம்பிக்கிறார்கள். டிஎன்ஏவில் இருக்கும் செய்தியைப் புரதம் செய்யும் இடத்துக்குத் தூக்கிப்போகும் ஒரு தூதுவன், கொஞ்ச நேரமே உயிரோடிருக்கும் ஒரு நகல், இருந்தாக வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் அவர்களுக்குப் புலப்படுகிறது. கோவிட் காலத்தில் செய்தியில் தினம் அடிபட்டதே எம்ஆர்என்ஏ, அதுதான் இது.

சரி, உடனே லேபுக்கு ஓடினார்களா? அன்று சாயங்காலம் கிரிக் வீட்டில் பார்ட்டி! வாசலில் பொன்னிறத்தில் ஒரு சுருளைத் தொங்கவிட்ட வீடு அது, கிரிக் வீட்டுப் பார்ட்டி என்றால் ஊருக்கே தெரியும். எல்லோரும் ஆடிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்க, பிரென்னரும் ஜேக்கப்பும் ஒரு மூலையில் ஒதுங்கி, இதை எப்படி நிரூபிப்பது என்று திட்டம் போட்டார்கள். லட்சியம் பார்ட்டிக்கு வந்தது. பார்ட்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் இருவரும் கலிபோர்னியாவில் கால்டெக்கில், மேத்யூ மெசல்சனின் ஆய்வுக்கூடத்தில். கைவசம் இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. சோதனை வேலை செய்யவில்லை. திரும்பச் செய்தார்கள், வேலை செய்யவில்லை. செல்லுக்குள் புரதம் செய்யும் இடமான ரைபோசோம்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. நாள் தீர்ந்துகொண்டே வந்தது. இவர்கள் முகத்தைப் பார்த்துச் சகிக்காமல் ஹில்டகார்ட் என்ற சக உயிரியலாளர் ஒருவர் காரில் போட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மணலில் மல்லாந்து கிடந்தார்கள். பேச்சில்லை. அலைச் சத்தம் மட்டும். திடீரென்று பிரென்னர் துள்ளி எழுந்து, மக்னீசியம்தான், மக்னீசியம்தான் என்று கூவினார்.

விஷயம் இவ்வளவுதான். ரைபோசோமை உதிராமல் இறுக்கிப் பிடிப்பது மக்னீசியம். சோதனைக்காகக் கொட்டிய சீசியம் குளோரைடு அதை நெட்டித் தள்ளிவிட்டது. மக்னீசியத்தை நிறையப் போட்டால் தீர்ந்தது. ஓடினார்கள், போட்டார்கள், நின்றது. ஓட்டத்தில் கைதவறிக் கதிரியக்கப் பாஸ்பரஸை வெந்நீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அந்தத் தொட்டியை அடித்தளத்தில் கோகோ கோலா மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்த கதையும் உண்டு. பாதுகாப்பு அதிகாரிகள் இந்த வரியைப் படிக்காமல் இருக்கட்டும்.

கடற்கரைக்குப் போகாமல் லேபிலேயே இருந்திருந்தால் மக்னீசியம் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கலாம், யார் கண்டது. என்னைக் கவர்வது வேறு. அவர்கள் தாமாகப் போகவில்லை. ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப மடிக்கும் எல்லாப் பக்கங்களிலும் பார்க்கிறேன். லட்சிய வெறி பிடித்தவன் தானாக எழுந்து டீ குடிக்கப் போகமாட்டான். மணி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு ஒரு ஹில்டகார்ட் வர வேண்டும்.

நான் பிஎச்.டி. செய்த இடத்தில் காரும் இல்லை, மேசையும் இல்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ராத்திரி பத்தரைக்கு போனில் "எனி அப்டேட்?" என்று வரும். ஞாயிற்றுக்கிழமை லேப் ரெஜிஸ்டரில் கையெழுத்தில்லாவிட்டால் திங்கள்கிழமை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருக்கும் அந்த விதம் இருக்கிறதே, அதற்கு ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்திருக்கலாம். ஜெல் ஓடும் நாற்பது நிமிஷத்தில் தூங்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருடம் என் தலைமுடி கொட்டியதற்கு ஹாஸ்டல் தண்ணீரைக் குறை சொன்னேன், தண்ணீர் பாவம். ஒருநாள் எங்கள் நலனில் அக்கறை கொண்டு மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு ஒன்றை வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு. வருகைப்பதிவு கட்டாயம். மூச்சை இழுத்து விடச் சொன்ன அம்மா நல்லவர்தான், ஆனால் என் பையில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பத்துக்கு இன்குபேட்டரைத் திறக்காவிட்டால் மூன்று நாள் வேலை குப்பை. மூச்சை இழுத்தேன். விட்டேன். மாடிப்படியில் ஓடினேன்.

நான் ஒருத்தி மட்டும் புலம்புகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் நேச்சர் இதழ் உலகம் முழுவதும் 6,300 பிஎச்.டி. மாணவர்களைக் கேட்டது. படிப்பு தந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாகச் சொன்னவர்கள் 36 சதவீதம். உதவி நாடியவர்கள் மட்டும் இவ்வளவு. ஹாஸ்டல் தண்ணீரைக் குறை சொன்னவர்கள் கணக்கில் வரவில்லை.

யோகா வகுப்புக்கு நான் எதிரி இல்லை. ஆனால் எல்எம்பியின் பின்வாசலில் நின்று எட்டிப்பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாகிறது. அங்கே யாரும் விஞ்ஞானியிடம் நீ உன் மனதைச் சமாளித்துக்கொள் என்று சொல்லவில்லை. அவரைச் சுற்றி இருந்ததை மாற்றி வைத்தார்கள். ஒவ்வொரு குழுவும் சின்னது. நாலைந்து பேர் இருக்கும் குழுவுக்கு எல்லாம் தெரிந்திருக்காது, எனவே பக்கத்து மேசைக்காரர் தேவைப்படுகிறார், எனவே டீ வேளை நேர விரயமில்லை, வேலையே அதுதான். பணம் மொத்தமாக அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து வருகிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகத் தட்டேந்த வேண்டியதில்லை. ஐந்து வருடம் என்பது ஒரு முட்டாள்தனமான யோசனையைச் செய்துபார்க்கப் போதுமான காலம்.

அந்த ஐந்து வருடத்தை நம்பித்தான் சிதம்பரத்தில் பிறந்த ஒருவர் 1999இல் அங்கே போனார். வெங்கி ராமகிருஷ்ணன். மூன்று வயதில் பரோடாவுக்குப் போன பிள்ளை, இயற்பியலில் பிஎச்.டி. முடித்த கையோடு இது நமக்கு ஒத்துவராது என்று உயிரியலை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியவர். யேலில் போஸ்ட்டாக் முடித்து வேலை தேடியபோது ஏறக்குறைய 50 பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார். ஒன்றும் படியவில்லை. ஐம்பது! நாம் மூன்று மறுப்புக் கடிதத்துக்கே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பிறகு தேசிய ஆய்வுக்கூடங்களில் வேலை, யூட்டாவில் பேராசிரியர் பதவி, அதையும் விட்டு, சம்பளம் குறையும் என்று தெரிந்தே கேம்பிரிட்ஜ். ரைபோசோமின் சின்னப் பாதியை, 30எஸ் என்பார்கள், அணு அணுவாகப் பார்க்க வேண்டும். அதே ரைபோசோம்தான், பிரென்னர் கையில் உதிர்ந்துகொண்டிருந்த அதே ஜாமான். 2000இல் வடிவம் வெளிவந்தது, 2009இல் நோபல்.

இங்கேதான் எனக்கு அவர் மேல் பாசம் வருகிறது. 2018இல் வந்த 'ஜீன் மெஷின்' புத்தகத்தில் மனிதர் திரையை முழுசாக விலக்கிவிட்டார். போட்டிக் குழுக்கள் முந்திக்கொண்டால் என்னாகும் என்ற பதைப்பு, மாநாட்டில் எதிராளி எந்தப் படத்தைக் காட்டப்போகிறார் என்ற படபடப்பு, பரிசுப் பட்டியலில் தன் பெயர் இருக்குமா என்ற அரிப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. பெரிய பரிசுக்குப் பக்கத்தில் போகிறவர்களுக்கு வரும் ஒரு வியாதியாகவே அதை அவர் விவரிக்கிறார். கேன்டீன் இருந்தும், ஐந்து வருடம் இருந்தும், அந்த அரிப்பு போகவில்லை. அரிப்பு என் ஒருத்திக்கு மட்டும் என்று நினைத்து நான் எத்தனை வருடம் வெட்கப்பட்டேன் தெரியுமா?

நோபல் அறிவித்த நாள் காலை அவர் சைக்கிள் பஞ்சர். தாமதமாக வந்து சேர்ந்தார், எரிச்சலில் இருந்தார். ஸ்டாக்ஹோமிலிருந்து போன். யாரோ நண்பர் விளையாடுகிறார் என்று நினைத்து, உங்கள் ஸ்வீடிஷ் உச்சரிப்பு பிரமாதம் என்று பாராட்டினார்! இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை நினைத்துச் சிரித்திருக்கிறேன் என்றால், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொள்கிறேன்.

எல்எம்பிக்காரர்களில் ஜான் சல்ஸ்டன் இன்னொரு ரகம். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, அதன் கருவில் ஒவ்வொரு செல்லும் எப்போது பிளக்கிறது, எங்கே போகிறது, எது சாகிறது என்று மைக்ரோஸ்கோப் வழியாகக் கண்ணால் பார்த்தே படம் போட வேண்டும். பைத்தியக்கார லட்சியம். அதை எப்படிச் செய்தார் தெரியுமா? தினம் இரண்டு வேளை, வேளைக்கு நான்கு மணி நேரம், ஒன்றரை வருடம். சின்ன அறை, கதவு சாத்தியிருக்கும். நான்கு மணி முடிந்ததா, எழுந்துவிடுவார். வெறியும் மணிக்கணக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. அதே கேம்பிரிட்ஜில் அவருக்கு முந்தைய தலைமுறையில் கணிதமேதை ஹார்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவனால் உருப்படியாகக் கணக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டு மதியத்துக்குப் பிறகு கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார். நான்கு என்ற எண்ணில் என்னவோ இருக்கிறது.

அதே எல்எம்பியின் பிரெட் சாங்கரைப் பற்றி ஒரே பத்தி போதும், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். வேதியியலுக்கு இரண்டு நோபல், 1958லும் 1980லும். 1983இல் 65 வயது. கையிலிருந்த சோதனையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார், தோட்டம் போட்டார். அவ்வளவுதான். கௌரவப் பேராசிரியர் நாற்காலி, ஆலோசகர் பதவி, விழாத் தலைமை, ஒன்றும் இல்லை. தன்னை யாரும் 'சர்' என்று கூப்பிடுவது பிடிக்காது என்று பட்டத்தையும் வேண்டாம் என்றார். அவர் பெயரில் மரபணு ஆய்வு மையம் தொடங்க அனுமதி கேட்டபோது, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எச்சரித்தார். அதன் முதல் இயக்குநர் நம் புழு சல்ஸ்டன். ஓய்வு பெற்ற பிறகும் லேப் சாவியை வேட்டி முடிச்சில் வைத்திருக்கும் சில பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள், போகட்டும்.

இவ்வளவு குதித்துவிட்டேன், இனி கொஞ்சம் தரையில் நிற்கிறேன். மேசை எல்லோருக்கும் இருந்ததில்லை. டிஎன்ஏவின் எக்ஸ்ரே படத்தை அத்தனை துல்லியமாக எடுத்த ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் வேலை பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆண்களுக்கு மட்டுமான உணவறை ஒன்று இருந்தது. எல்லோருக்கும் பொதுவான உணவறையும் இருந்தது, உண்மைதான். ஆனால் ஆராய்ச்சியில் பாதி, பொது அறையில் நடக்காத பேச்சில்தானே நடக்கிறது? அப்புறம் கிசெலா. இருபது வருடம் அத்தனை பேரின் மூளைக்குச் சோறு போட்டவர். காலக்கோட்டில் ஹீமோகுளோபினுக்கு ஒரு வரி, டிஎன்ஏவுக்கு ஒரு வரி. மேசை போட்டதற்கு வரி கிடையாது.

இன்னொரு மேசை. சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எல்எம்பி வருவதற்கு நாற்பத்தெட்டு வருடம் முன்பு, 1914 ஏப்ரலில், கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார். சைவம். டிரினிட்டி கல்லூரி உணவுக்கூடத்தில் அவருக்குச் சாப்பாடு இல்லை. அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே பொங்கிக்கொண்டார் ராமானுஜன். போர் வந்து காய்கறியும் பாலும் அருகிப்போயின. முப்பது மணி நேரம் விடாமல் கணக்குப் போடுவார், இருபது மணி நேரம் தூங்குவார். நான்கு மணி நேரம் போதும் என்ற ஹார்டிதான் அவருக்கு வழிகாட்டி, ஆனால் ஹார்டியின் நான்கு மணி இவரிடம் செல்லுபடியாகவில்லை.

ஒருநாள் சில நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவரே சமைத்தார். ரசம் பரிமாறினார், இன்னொரு முறை பரிமாறினார். மூன்றாவது முறை கரண்டியோடு வந்தபோது வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். பேச்சு தொடர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். டாக்சி பிடித்துக் கிளம்பிவிட்டார். நான்கு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது: ஐந்து பவுண்டு அனுப்பு.

இதை முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. அடுப்படியில் தனியாக ரசம் வைத்துத் தனியாகக் குடித்த ஒருவருக்கு, ஒருநாள் கூட்டம் வந்திருக்கிறது. அந்த மேசையில் ஒரு கரண்டி ரசம் வேண்டாம் என்பது என்னவாகக் கேட்டிருக்கும்? 1917இல் படுத்தவர் முழுதாக எழவே இல்லை. 1920இல் சேத்துப்பட்டில், 32 வயதில்.

என் முதல் லேப் ஜூனியர் இப்போது ஒரு ஊரில் சொந்தமாக ஆய்வுக்குழு நடத்துகிறாள், மூன்று மாணவர்கள். போன மாதம் போன் செய்தாள். "அக்கா, கெட்டில் வாங்கியிருக்கேன்." லேபுக்குள் உண்ணவும் குடிக்கவும் தடை, அது சரியான தடைதான், கோகோ கோலா மெஷின் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா. அதனால் வராந்தாவில் ஒரு பழைய மேசையைப் போட்டு அதன் மேல் வைத்தாளாம். நாலு மணிக்குப் பொத்தானை அழுத்துவது அவள் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. முதல் வாரம் அவளும் மூன்று பேரும் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். அப்புறம் எதிர் லேபிலிருந்து ஒரு போஸ்ட்டாக் சொந்த டம்ளரோடு வந்தான். அப்புறம் கருவிப் பிரிவு டெக்னீஷியன். ஒருநாள் துறைத் தலைவர் கடந்துபோனார், நின்றார், சர்க்கரை இல்லாமல் கிடைக்குமா என்று கேட்டார்.

"இப்போ எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"பதினோரு பேர் அக்கா. கெட்டில் ஒன்றரை லிட்டர்தான். ஏழாவது ஆளுக்கு அப்புறம் திரும்பத் தண்ணி வைக்க வேண்டியிருக்கு. அந்தத் தண்ணி கொதிக்கிற வரைக்கும் எல்லாரும் சும்மா நிக்கிறாங்க, பேசிக்கிட்டே."